பூசண வாடை ஆளைக் கெடுக்குமா?

நவம்பர் 9, 2024 – ஒரு வாசகர் கேட்டது

அக்கா, வாடகை வீட்டில் இருக்கிறோம். படுக்கையறைச் சுவர் ஒன்று மழையில் ஊறி, கறுப்புப் புள்ளியாகப் பூசணம் பிடித்துவிட்டது. காலையில் கதவைத் திறந்ததும் ஒரு மக்கிய வாடை முகத்தில் அடிக்கிறது. எனக்குத் தலைவலி, பையனுக்கு மூக்கடைப்பு. வீட்டுக்காரர் "வாடைதானே, மழை நின்றால் போய்விடும்" என்கிறார். நீங்கள் காளான் வித்துக்கூடம் வைத்திருப்பதால் கேட்கிறேன். வாடையே ஆளைக் கெடுக்குமா, இல்லை பூசணம்தான் கெடுக்குமா?

நவம்பர் 9, இரவு

பூசணத்திலிருந்து காற்றுக்கு வருவது இரண்டு வகை. ஒன்று ஸ்போர், அதாவது கண்ணுக்குத் தெரியாத தூள், அதோடு உடைந்து பறக்கும் பூசண இழைத் துணுக்குகள். இன்னொன்று, அறை வெப்பத்திலேயே ஆவியாகிவிடும் சிறு மூலக்கூறுகள். ஆல்கஹால், கீட்டோன், எஸ்டர், கந்தகச் சேர்மம், டெர்பீன் என்று பல குடும்பங்களில் சில நூறு ஆவிகளை இதுவரை அடையாளம் கண்டிருக்கிறார்கள். நீங்கள் முகர்வது இந்த ஆவிகளைத்தான். தும்மலும் இழுப்பும் பெரும்பாலும் ஸ்போராலும் துணுக்குகளாலும் வருகிறவை.

உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வீட்டுக்குள் ஈரமும் பூசணமும் பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஈரம் பிடித்த வீட்டில் இருப்பவர்களுக்கு ஆஸ்துமா, இருமல், மூச்சுத்திணறல் கூடுதல் என்று அதில் தெளிவாக இருக்கிறது. ஆனால் 'இத்தனை ஸ்போர் வரை சரி, இத்தனை ஆவி வரை சரி' என்று எண் எதுவும் கொடுக்கவில்லை. ஈரத்தையே நிறுத்துங்கள் என்றுதான் சொல்கிறார்கள். உங்கள் வீட்டுக்காரரிடம் காட்ட இது போதும். வாடை போவதும் போகாததும் அப்புறம், சுவருக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் அவர் பார்க்கட்டும். பையனின் கட்டிலை இன்றைக்கே அந்த அறையிலிருந்து மாற்றிவிடுங்கள்.

நவம்பர் 10, காலை

நேற்று சுருக்கமாக முடித்துவிட்டேன். 'வாடை ஒன்றும் செய்யாது' என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதனால் ஜோன் பென்னட்டின் கதையைச் சொல்கிறேன்.

பென்னட் அமெரிக்காவில் பூஞ்சை மரபியல் ஆராய்ச்சியாளர். நியூ ஆர்லியன்ஸ் நகரில் டுலேன் பல்கலைக்கழகத்தில் பல காலம் அஃப்லடாக்சின் என்ற பூஞ்சை நச்சைப் பற்றி ஆராய்ந்தவர். பூசணம் பிடித்த கட்டடத்தில் இருந்ததால் உடம்பு கெட்டது என்று மக்கள் சொன்னபோது அவர் அதை நம்பியவர் இல்லை. அங்கே காற்றில் இருக்கும் பூஞ்சை நச்சின் அளவு அதற்குப் போதாது என்பது அவர் வாதம். 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் வந்தது. அவர் வீடும் மூழ்கியது. தண்ணீர் வடிந்தபின் முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, மாதிரி எடுக்கும் தட்டுகளோடு வீட்டுக்குள் போனார். சுவர், புத்தகம், மெத்தை எல்லாம் பூசணம். தாங்க முடியாத வாடை. தலை வலித்தது, சுற்றியது, குமட்டியது. ஸ்போரை முகமூடி ஓரளவு தடுத்திருக்கும். ஆவியைச் சாதாரண முகமூடி தடுக்காது. அப்படியானால் இந்த ஆவியில்தான் ஏதோ இருக்கிறது என்ற சந்தேகத்தோடு வெளியே வந்தார்.

பிறகு நியூ ஜெர்சியில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய், பூசண ஆவிகளை ஒவ்வொன்றாகப் பழ ஈக்களின் மேல் சோதித்தார். அதிகம் படுத்தியது 1-ஆக்டீன்-3-ஆல். இனி ஆக்டெனால் என்றே எழுதுகிறேன். பச்சைக் காளானைப் பிய்த்ததும் வருமே ஒரு மணம், அதேதான். ஆக்டெனால் ஆவியில் இருந்த ஈக்களின் நடை தடுமாறியது. மூளையில் டோபமைன் என்ற நரம்புச் செய்திப் பொருளைச் சுரக்கும் செல்கள் செத்தன. அவர் குழு இதை 2013-இல் வெளியிட்டது. அதில் என்னை உட்காரவைத்தது வழிமுறைதான். டோபமைனைச் செல்லுக்குள் சிறு பைகளில் அடைத்துவைக்கும் ஒரு புரதம் உண்டு. ஆக்டெனால் அந்த வேலையில் குறுக்கிடுகிறது. அடைபடாத டோபமைன் அந்தச் செல்லுக்கே நஞ்சு. அந்தப் புரதத்தைக் கூடுதலாக உண்டாக்கும் ஈக்கள் தப்பித்தன, குறைவாக உண்டாக்குபவை இன்னும் மோசமாகப் பாதிக்கப்பட்டன. மனிதப் புரதங்களை ஏற்றிய செல் வளர்ப்பிலும் டோபமைன் உள்ளே போவது தடைப்பட்டது.

நவம்பர் 10, மதியம்

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது: "அப்படியானால் பூசணம் பிடித்த வீட்டில் இருந்தால் பார்க்கின்சன் வருமா?"

அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. பார்க்கின்சன் நோயிலும் டோபமைன் செல்கள் சாகின்றன என்பதால் செய்தித்தாள்கள் அப்படித் தலைப்புப் போட்டன. சோதனையில் ஈயை மூடிய பாத்திரத்தில் ஆக்டெனால் ஆவியோடு வைத்தார்கள். வீட்டுக் காற்றில் அளந்து பார்த்தால் இந்த ஆவிகள் பொதுவாக அதைவிட மிகக் குறைவு. ஈயின் உடம்பும் நம் உடம்பும் ஒன்றில்லை. ஆனாலும் 'வாடைதானே' என்று தள்ளிவிட்ட ஒரு பொருளுக்கு நரம்பில் வேலை செய்யும் வழி இருக்கிறது என்று அந்த ஆராய்ச்சி காட்டிவிட்டது. என் நிலைப்பாடு இதுதான்: பயப்படத் தேவையில்லை, ஆனால் ஒருவர் அந்த வாடையில் தலைவலிக்கிறது என்றால் அவரை நம்ப வேண்டும். பெண்கள் சொன்னால் 'மனப்பிரமை' என்று தள்ளுவது நம் வீடுகளில் ரொம்ப சகஜம்.

நவம்பர் 11

சாம்பிராணி போட்டால் போகுமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். புகை மூக்கை மறைக்கும், பூசணத்தை ஒன்றும் செய்யாது. இழுப்பு உள்ள பிள்ளைக்குப் புகை இன்னொரு தொல்லை. மேலே பெயிண்ட் அடிப்பதும் வீண், அடுத்த மழையில் பெயிண்டையே உரித்துக்கொண்டு வரும். மொட்டைமாடி வெடிப்பு, குழாய்க் கசிவு, சன்ஷேடு மேல் தேங்கும் தண்ணீர், இவற்றைத்தான் முதலில் பாருங்கள். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். ஈரத் துணியால் சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடையுங்கள், காய்ந்த துடைப்பத்தால் தேய்க்காதீர்கள், ஸ்போர் அறை முழுக்கப் பறக்கும். பிளீச்சிங் போடுகிறவர்கள் அதோடு கழிப்பறை ஆசிட்டைச் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு வரும். பூசண ஆவியைவிடப் பல மடங்கு ஆபத்து அது.

நவம்பர் 12, இரவு

ஆக்டெனால் பற்றி இன்னும் எழுதச் சொன்னார்கள். எனக்கும் ஆசைதான்.

1930-களில் ஜப்பானில் முராஹஷி என்பவர் மட்சுடாகே காளானிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். மட்சுடாகே அங்கே தங்க விலைக்கு விற்கும் இலையுதிர்காலக் காளான். அதனால் மட்சுடாகியால் என்றே ஒரு பெயர் உண்டு. முழுக் காளானில் இது கொஞ்சம்தான் இருக்கும். நறுக்கினாலோ புழு கடித்தாலோ செல் உடைந்து, அதிலுள்ள லினோலெயிக் அமிலமும் நொதிகளும் கலந்து, சில நிமிடங்களில் ஆக்டெனால் குவிகிறது. என் கொட்டகையில் அறுவடை நாளில் மட்டும் மணம் தூக்கலாக இருப்பது இதனால்தான். பைகளில் இருக்கும்போது சிப்பிக்காளான் ரொம்ப அமைதி, காம்பைத் திருகிப் பறிக்க ஆரம்பித்ததும் கூடம் நிறைந்துவிடும். நத்தை வகைகள் சில இந்த மணம் பட்டால் தின்னாமல் விலகுவதையும் பார்த்திருக்கிறார்கள். ஆக, கடிபட்டதும் கிளம்பும் தற்காப்பு இது.

அதே மூலக்கூறு மாட்டின் மூச்சிலும் இருக்கிறது, மனித வியர்வையிலும் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் தூக்க நோயைப் பரப்பும் செட்சீ ஈ மாட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று தேடியவர்கள், 1984-இல் மாட்டு வாடையிலிருந்து ஆக்டெனாலைப் பிரித்தார்கள். ஜிம்பாப்வேயில் அதைப் பொறிகளில் வைத்து ஈயைப் பிடித்தார்கள். பிறகு கார்பன் டை ஆக்சைடோடு சேர்த்துக் கொசுப் பொறிகளிலும் வந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. பூஞ்சையே தன் கூட்டத்தைக் கட்டுப்படுத்தவும் இதைப் பயன்படுத்துகிறது. ஒரு பெனிசிலியம் வகையில் ஸ்போர்கள் நெருக்கமாகக் குவிந்தால் எதுவும் முளைப்பதில்லை. காரணம் தேடியபோது ஆக்டெனால்தான் அகப்பட்டது. இடம் இல்லாத இடத்தில் எல்லாம் ஒன்றாக முளைத்துச் சாகாமல் இருக்க ஒரு தடை.

நவம்பர் 13

ஊட்டியிலிருந்து மொட்டுக்காளான் வளர்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மேல்மண் போடாவிட்டால் ஏன் மொட்டு வருவதில்லை?"

நேற்று எழுதியதன் தொடர்ச்சியே இதற்குப் பதில். மொட்டுக்காளானின் இழைகள் விடும் ஆக்டெனால், மொட்டுக் கட்டுவதையே தடுக்கிறது. காளான் படுக்கைமேல் பரப்பும் அந்த மேல்மண்ணில் வாழும் சூடோமோனாஸ் மாதிரியான பாக்டீரியாக்கள் அதைத் தின்று காலிசெய்கின்றன. அப்போதுதான் இழை காளானாக எழுகிறது. இங்கிலாந்தில் ஒரு குழு மண்ணைக் கிருமிநீக்கம் செய்து பார்த்தது, மொட்டு வரவில்லை. ஆவியை உறிஞ்சும் கரித்தூளை மேலே போட்டபோது பாக்டீரியா இல்லாமலேயே மொட்டு வந்தது. எனவே மேல்மண்ணை அளவுக்கு மீறி வேகவைத்து அதன் உயிரை எடுத்துவிடாதீர்கள், காற்றோட்டத்தையும் குறைக்காதீர்கள்.

சிப்பிக்காளானில் மேல்மண் கிடையாது, அங்கே முதல் எதிரி கார்பன் டை ஆக்சைடு. காம்பு நீண்டு குடை சிறுத்தால் ஜன்னலைத் திறங்கள்.

நவம்பர் 13, இரவு

"அக்கா, கொட்டகையில் கொசு அதிகமாக இருப்பதும் ஆக்டெனாலால்தானா?"

கொஞ்சம் இருக்கலாம், காளான் படுக்கை கார்பன் டை ஆக்சைடும் விடுகிறது. ஆனால் எல்லாக் கொசு இனமும் ஆக்டெனாலுக்கு ஒரே மாதிரி மயங்குவதில்லை. இருட்டு, ஈரக் கோணி, தரையில் தேங்கிய தண்ணீர், இவையே கொசுவுக்குப் போதும். முதலில் தண்ணீரை வழித்துவிடுங்கள். காளான் ஈ வேறு விஷயம், அது உண்மையிலேயே வாடை பிடித்து வருகிறது. கதவுக்கு நெருக்கமான வலை போடாமல் அதைச் சமாளிக்க முடியாது.

நவம்பர் 15

சிப்பிக்காளான் சைவமா என்று ஒருவர் கேலியாகக் கேட்டிருந்தார். கேலியாகக் கேட்டாலும் நல்ல கேள்வி.

சிப்பிக்காளான் வேட்டையாடும். இதை 1984-இலேயே தார்ன், பேரன் என்ற இருவர் எழுதிவிட்டார்கள். மரத்திலும் வைக்கோலிலும் தழைச்சத்து மிகக் குறைவு. அந்தக் குறையை ஈடுகட்ட, சிப்பிக்காளானின் இழை நூற்புழுவைக் கொன்று தின்கிறது. தொட்ட புழு சில நிமிடங்களில் முடங்குகிறது. எதனால் என்பது மட்டும் பல ஆண்டுகள் புரியாமலே இருந்தது. 2023-இல் தைவானில் யென்-பிங் ஷ்வேயின் குழு கண்டுபிடித்தது: இழையில் குச்சி மிட்டாய் மாதிரி சின்னச் சின்ன முண்டுகள் இருக்கின்றன, அவற்றுக்குள் 3-ஆக்டனோன் என்ற ஆவியாகும் கீட்டோன். புழு உரசியதும் முண்டு உடைகிறது. ஆவி புழுவின் செல்சவ்வைச் சிதைக்கிறது, கால்சியம் கட்டுக்கடங்காமல் உள்ளே பாய்கிறது, நரம்பும் தசையும் செத்துப்போகின்றன.

3-ஆக்டனோன் ஆக்டெனாலுக்கு நெருங்கிய உறவு, லாவெண்டர் எண்ணெயிலும் இருக்கிறது. குழம்பில் போட்டு வேகவைத்துத் தின்னும் நமக்கு அது மணம் மட்டுமே. மி.மீ. நீளம்கூட இல்லாத புழுவுக்கு அதே பொருள், நெருக்கத்தில், செறிவாகப் போய்ச் சேர்கிறது. இந்தத் தொடர் முழுக்க நான் சொல்ல நினைப்பது இதைத்தான். எந்தப் பொருள் என்பதோடு எவ்வளவு, எத்தனை கிட்டத்தில், யாருக்கு என்பதையும் சேர்த்துக் கேட்காமல் 'நல்லதா கெட்டதா' என்று கேட்டால் பதில் கிடையாது.

ஆர்த்ரோபோட்ரிஸ் என்ற இன்னொரு பூஞ்சையின் தந்திரம் வேறு. அது கண்ணி வலை பின்னி உட்கார்ந்துகொண்டு, உணவு, துணை இரண்டின் வாடையையும் நகலெடுத்து நூற்புழுவை வரவழைக்கிறது. அதுவும் ஷ்வேயின் ஆராய்ச்சிதான், 2017. சிப்பிக்காளான் அழைப்பு எதுவும் விடுவதாகத் தெரியவில்லை, வந்து உரசினால் கொல்லும்.

நவம்பர் 17

விரிடி பற்றி. இதை எழுதக் கை துறுதுறுத்துக்கொண்டிருந்தது.

விவசாயிகளுக்கு டிரைக்கோடெர்மா விரிடி என்ற பூஞ்சை வரப்பிரசாதம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் டால்க் பவுடரில் கலந்து பரப்பிய பிறகு, நிலக்கடலைக்கும் பயறுக்கும் கிலோ விதைக்கு 4 கிராம் விரிடி என்பது பலருக்கு மனப்பாடம். வேரழுகலும் வாடலும் குறைகின்றன. எனக்கு அதே பூஞ்சைக் குடும்பம் எமன். வைக்கோல் சரியாக வேகாத பையில் முதலில் வெள்ளையாகப் படரும், வித்துதான் ஓடுகிறது என்று நினைப்போம், பிறகு ஓரத்தில் பச்சை தட்டும். அந்தப் பை போயிற்று, பக்கத்துப் பையும் போகும்.

பச்சை தட்டும் முன்பே சில பைகளில் தேங்காய் வாடை வரும். என் கூடத்தில் வேலைசெய்யும் அக்கா ஒருவர் இதை என்னைவிட நன்றாகப் பிடிப்பார். பையின் வாயருகே முகர்ந்துவிட்டு, "இதுல தேங்கா மணக்குது, எடுத்துருங்க" என்பார். அவர் சொல்வது ரசாயனப்படி நூற்றுக்கு நூறு சரி. 6-பென்டைல்-ஆல்ஃபா-பைரோன் என்ற பொருள் அது. 1972-இல் விரிடி வளர்ப்பிலிருந்து தேங்காய் மணத்துக்குக் காரணம் இதுதான் என்று பிரித்துக் காட்டினார்கள்.

இந்தப் பைரோன்தான் மற்ற பூஞ்சைகளை அடக்கும் ஆவிகளில் ஒன்று. செடி பக்கம் போனால் சிறு அளவில் வளர்ச்சியைத் தூண்டுகிறது, நோய் எதிர்ப்பையும் கிளப்பிவிடுகிறது. வயலில் விரிடி செய்யும் வேலை ஆவியால் மட்டும் நடப்பதில்லை, எதிரியின் இழையைச் சுற்றிக்கொண்டு நொதியால் கரைத்துத் தின்பதும் உண்டு. டிரைக்கோடெர்மாவின் எல்லா வகையும் தேங்காய் மணப்பதில்லை, அதனால் மணம் வரவில்லை என்றால் பை சுத்தம் என்று முடிவுகட்ட வேண்டாம்.

காளானும் போட்டு வயலும் வைத்திருப்பவர்களுக்கு: விரிடி பாக்கெட்டைக் காளான் கொட்டகைக்குள் கொண்டு வராதீர்கள். வயலில் விரிடி கலந்துவிட்டு அதே சட்டையோடு வித்து போட உட்காராதீர்கள்.

நவம்பர் 18

"முதல் மழையில் வரும் மண்வாசனையும் பூஞ்சைதானே?"

பெரும்பாலும் பாக்டீரியா. ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற, இழையாக வளர்வதால் பூஞ்சை என்றே ஒரு காலத்தில் நினைத்த பாக்டீரியா. அதன் ஜியோஸ்மினுக்கு 1965-இல் பெயர் வைத்தவர்கள் கெர்பரும் லெஷவாலியரும். அவர்களும் ரட்கர்ஸ்தான், பென்னட் பின்னாளில் போய்ச் சேர்ந்த அதே இடம். பெனிசிலியம் எக்ஸ்பான்சம் போன்ற சில பூஞ்சைகளும் ஜியோஸ்மின் செய்யும், அழுகிய ஆப்பிளில் மண் வாடை வருவது அதனால். நமக்கு இனிக்கிற இந்த மணம் பழ ஈக்குப் பிடிக்காது. அதன் உணர்கொம்பில் ஜியோஸ்மினுக்கென்றே ஒரு தனி ஏற்பி இருக்கிறது, பட்டதும் முட்டையிடாமல் விலகிவிடும் (2012-இல் கண்டது). கெட்ட பூசணம் பிடித்த பழம் என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது.

நவம்பர் 20, இரவு

ஐரோப்பாவில் பச்சைச் சுவர்த்தாள் ஆட்களைக் கொன்றதாகப் படித்தேன், உண்மையா என்று ஒருவர். இது பெரிய கதை.

1775 வாக்கில் ஷீலே என்ற சுவீடன் வேதியியலாளர் ஒரு பச்சை நிறமியைச் செய்தார். செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அது சுவர்த்தாள், துணி, பொம்மை எல்லாவற்றிலும் ஏறியது. ஈரமான அறைகளில் ஒட்டிய இடங்களில் மக்கள் நோய்ப்பட்டார்கள், சிலர் செத்தார்கள். 1839-இல் ஜெர்மனியில் க்மெலின், அப்படிப்பட்ட அறைகளில் ஒரு எலி வாடை இருப்பதைக் கவனித்து எழுதினார். 1890-களில் இத்தாலியில் கோசியோ அதைச் சோதனைக்கூடத்தில் காட்டினார். பூசணம் ஆர்சனிக்கைத் தின்று, பூண்டு வாடை அடிக்கும் ஒரு வாயுவாக விடுகிறது. அந்த வாடையை வைத்தே ஒரு பொருளில் ஆர்சனிக் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கவும் பூசணத்தைப் பயன்படுத்தினார். பிறகு 1930-களின் தொடக்கத்தில் லீட்ஸில் சேலஞ்சர் அந்த வாயு டிரைமெத்தில் ஆர்சைன் என்று நிறுவினார். அவர் அந்த வேலையில் இருந்தபோதே, இங்கிலாந்தில் டீன் காட்டுப் பகுதியில் இரண்டு குழந்தைகள் ஆர்சனிக் உள்ள பூச்சுச் சுவர் வீட்டில் இறந்தார்கள்.

கோசியோ வாயு ஆளைக் கொல்லும் என்று இதன்பின் புத்தகங்களில் நிலைத்துவிட்டது. நெப்போலியனையே அதுதான் கொன்றது என்றுகூட ஒரு பேச்சு உண்டு.

நவம்பர் 21

நேற்றுச் சொன்னதன் மறுபாதி. இதையும் சேர்த்துப் படிக்காவிட்டால் கதை தவறாகப் போய்விடும்.

2005-இல் கல்லன், பென்ட்லி என்ற இரு வேதியியலாளர்கள் பழைய பதிவுகளை எல்லாம் தோண்டிப் பார்த்து, டிரைமெத்தில் ஆர்சைன் அவ்வளவு கொடிய நஞ்சு என்பதற்கு ஆதாரமே இல்லை என்று எழுதினார்கள். அதன் வாடை மிக மிகச் சிறு அளவிலேயே மூக்குக்குத் தெரியும், நஞ்சாகும் அளவு அதைவிட எவ்வளவோ தள்ளி இருக்கிறது. அப்படியானால் அந்த அறைகளில் ஆளைக் கெடுத்தது எது? உதிர்ந்த நிறமித் தூள் நிச்சயம் ஒரு குற்றவாளி, அது நேரடி ஆர்சனிக். ஈரமும் பூசணமும் தம் பங்குக்கு நுரையீரலைக் கெடுத்திருக்கும். எல்லாரும் மூக்கால் உணர்ந்த ஒன்றின் மேலேயே பழி போய் உட்கார்ந்தது.

பென்னட்டின் ஈக்கள் வாடை வேலை செய்யும் என்கின்றன. கோசியோவின் கதை, வாடை அடிப்பதாலேயே அதைக் குற்றவாளி ஆக்காதே என்கிறது. நான் இரண்டையும் நம்புகிறேன்.

நவம்பர் 22

வாடை இல்லாவிட்டால் பத்திரமா? இல்லை. அஃப்லடாக்சினுக்கு வாடை கிடையாது, ஆவியாகாது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிக் குஞ்சுகள் செத்தன, காரணம் தீவனத்தில் இருந்த பிரேசில் நிலக்கடலைப் பிண்ணாக்கு. அதைத் தேடிப் போய்த்தான் அஃப்லடாக்சினையே கண்டார்கள். கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோய் தரும். மக்கிய வாடை அடித்தால் கடலையைக் கொட்டிவிடுங்கள். வாடை இல்லாத கடலையிலும் சுருங்கியது, நிறம் மாறியது, பூசணம் தட்டியது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். வறுத்தால் முழுக்கப் போகாது.

நவம்பர் 24

"பூசண ஆவியையே மருந்தாக்கித் தானியத்துக்குப் புகைமூட்டம் போட முடியாதா?" இதற்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

ஹோண்டுராஸ் நாட்டில் ஒரு தாவரத் தோட்டத்தில் இலவங்கப்பட்டை மரம் ஒன்றிருந்தது. இலங்கையிலிருந்து உலகம் முழுக்கப் போன அதே பட்டை மரம். மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கேரி ஸ்ட்ரோபெல் அதன் கிளைக்குள் வாழும் ஒரு வெள்ளைப் பூஞ்சையைப் பிரித்தார். மஸ்கோடார் ஆல்பஸ் என்று பெயர் வைத்தார்கள். அது இருந்த தட்டில் வேறு எந்தப் பூஞ்சையும் வளரவில்லை, தொடாமலேயே செத்தன. பாக்டீரியாக்களும் பல செத்தன. 2001-இல் வெளியிட்டார்கள். அதன் ஆவியில் ஏறத்தாழ முப்பது பொருள்கள். அதிகம் வேலை செய்தவை எஸ்டர்கள், அவற்றிலும் வாழைப்பழ மணமுள்ள ஐசோஅமைல் அசிடேட். தனித்தனியாகக் கொடுத்தால் எதிரி சோர்ந்து நிற்கும், ஆனால் சாகாது. கலவையாகக் கொடுத்தால் சாகும். பழம், விதை, மண் எல்லாவற்றுக்கும் இதைப் பயன்படுத்தலாம் என்று பெரிய எதிர்பார்ப்பு எழுந்தது. வாழைப்பழ மணம் யாரை என்ன செய்துவிடும் என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது.

2017-இல் இன்னொரு ஆராய்ச்சி வந்தது. அதில் ஒருவர் ஸ்காட் ஸ்ட்ரோபெல், கேரியின் மகன். மஸ்கோடார் ஆவியில் என்-மெத்தில்-என்-நைட்ரோசோஐசோபியூட்டிரமைடு என்ற பொருளும் இருக்கிறது, அது டி.என்.ஏ.வின் மேல் மெத்தில் தொகுதியை ஒட்டிச் சேதப்படுத்துகிறது, கொல்லும் வேலையில் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்று காட்டினார்கள். நைட்ரோசோ சேர்மங்களில் பல புற்றுநோய் தருபவை. அடுப்படிக்குப் பக்கத்து அறையில் அடுக்கிய நெல் மூட்டைக்கு இதைப் போடுவதை நான் ஏற்கமாட்டேன். எதையும் தொடாமல் எல்லாவற்றையும் கொல்லும் ஒன்று நம் செல்லை மட்டும் விட்டுவைக்கும் என்று நம்பக் காரணம் வேண்டும். 'இயற்கை' என்ற சீட்டு அந்தக் காரணம் ஆகாது.

ஐசோஅமைல் அசிடேட்டைப் பற்றி ஒரு துணுக்கு. ஈஸ்ட்டும் அதைச் செய்கிறது. அந்த மணத்தைச் செய்யும் மரபணுவை எடுத்துவிட்ட ஈஸ்ட்டைப் பழ ஈக்கள் அவ்வளவாக நாடவில்லை என்று 2014-இல் காட்டினார்கள். நகர முடியாத ஈஸ்ட் மணத்தை விட்டு ஈயை வரவழைத்து, அதன் காலில் ஒட்டிக்கொண்டு அடுத்த பழத்துக்குப் போகிறது. கள் பானையைச் சுற்றி ஈ மொய்ப்பதில் இதுவும் உண்டு.

நவம்பர் 26

புற்றுக்காளான் சீசனில் இதைச் சொல்லாமல் விடக்கூடாது. கறையான் புற்றுக்குள் டெர்மிட்டோமைசிஸ் பூஞ்சையைப் பயிர் செய்கிறது. நாம் இடி மழைக்குப் பிறகு பறிக்கும் காளான் அந்தப் பயிரிலிருந்துதான் எழுகிறது. அந்தத் தோட்டத்தில் சூடோசைலேரியா என்ற களைப் பூஞ்சையும் காத்துக் கிடக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ரெனீ போர்ஜஸின் குழு 2017-இல் காட்டியது: கறையான் வாடையை வைத்தே பயிரையும் களையையும் பிரித்தறிகிறது. களை என்று தெரிந்தால் மண்ணைக் கொண்டுவந்து மூடிப் புதைக்கிறது, பயிரை அப்படி மூடுவதில்லை. கண் இல்லாத வேலைக்காரக் கறையான், இருட்டில். எனக்கு இந்தத் தொடரிலேயே மிகப் பிடித்த செய்தி இது. என் கூடத்தில் அந்த அக்கா தேங்காய் வாடை பார்த்துப் பையை எடுக்கச் சொல்லும்போதெல்லாம் கறையான் நினைவுதான் வரும்.

நவம்பர் 29

புதிதாகச் சிப்பிக்காளான் போட்டிருக்கும் தங்கை எழுதியிருக்கிறார்: "காலையில் கொட்டகைக்குள் போனால் இருமல், மாலையில் காய்ச்சல் மாதிரி உடம்பு வலி. இந்த ஆவியாலா அக்கா?"

ஆவியைவிட ஸ்போர்தான் காரணமாக இருக்க அதிக வாய்ப்பு. சிப்பிக்காளான் முற்றினால் ஸ்போரைப் புகையாகக் கொட்டும், காலை வெளிச்சத்தில் பார்த்தால் மிதப்பது தெரியும். மாதக்கணக்கில் சுவாசித்தால் சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமை அழற்சி வருகிறது, காளான் தொழிலாளர் நுரையீரல் என்றே மருத்துவத்தில் அதற்குப் பெயர். வேலை முடிந்து சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல், குளிர், இருமல் வரும், விடுமுறை எடுத்தால் சரியாகும், திரும்பப் போனால் திரும்ப வரும். நீங்கள் சொல்வது அப்படித்தான் படுகிறது.

குடையின் ஓரம் மேல்நோக்கிச் சுருளும் முன்பே பறித்துவிடுங்கள். உள்ளே போவதற்கு முன் கதவைத் திறந்து காற்றோட விடுங்கள், தண்ணீர் தெளித்துத் தூளை அடக்குங்கள். துணி முகமூடி போதாது, என்95 போடுங்கள். அதையெல்லாம் செய்துகொண்டே இந்த வாரமே நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். போனதும் முதலில் "காளான் கொட்டகையில் வேலை செய்கிறேன்" என்று சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் வெறும் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட வாய்ப்பு உண்டு.